எனக்கோ எக்கோ

மொழி ஒன்று அறவே தெரியாதவனால் யாருக்கும் கேடில்லை. அவன் கையைக் காட்டுவான், தலையை ஆட்டுவான், மிஞ்சினால் சிரிப்பான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் மொழிபெயர்க்கப் புறப்படுவான். இதை ஒரு பொது உண்மையாகச் சொல்லிவிட்டு நழுவலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நான் இதை எழுதுவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அந்த அரைகுறை நான்தான்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. மொன்றியலுக்கு வந்து நாலு வருடமாகியும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்பில் இரண்டு நிலைகள் தேறியிருந்தேன். மூன்றாம் நிலையில் நான் பேசிய ஒரு வாக்கியத்தைக் கேட்ட ஆசிரியை, மிகுந்த அன்போடு என்னை மறுபடி இரண்டாம் நிலைக்கே அனுப்பிவைத்தார். (அது என்ன வாக்கியம் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.)

அப்போது நான் விரும்பிய பெண் ரெஜினா. எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுவாள். அவளுக்குப் பின்னால் நிற்பதற்காகவே நானும் குழுவில் சேர்ந்து இரண்டு வருடம் வாயை மட்டும் அசைத்தேன். அவள் சின்ன வயதிலேயே சித்தியோடு இங்கே வந்து, பிரெஞ்சில் படித்து, புவாண்ட்-கிளேரில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்தாள். பிறகு மன்னாரிலிருந்து தாய் தகப்பனை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டாள். தகப்பன் வரும்வரை எங்கள் காதலில் ஒரு குறையும் இருக்கவில்லை.

தகப்பனின் பெயர் மரியதாஸ். ஊரில் 'மைக்' மரியதாஸ். திருவிழா, கலியாணம், செத்த வீடு எதுவானாலும் ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவர்தான். ஊரில் வைத்திருந்த சவுண்ட் செட்டைச் சண்டை தின்றுவிட்டது. மொன்றியலில் வந்து இறங்கியதும் குளிர்ச்சட்டை வாங்குவதற்கு முன்னால் அவர் வாங்கியது ஒரு அம்ப்ளிஃபயர். அதில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் எக்கோ வரும். "வாருங்கள்" என்று சொன்னால் "ருங்கள்… ங்கள்… கள்…" என்று மண்டபத்தின் கடைசி மூலைவரை போய்த் திரும்பும். அந்த எக்கோ இல்லாமல் சொன்ன எந்தச் செய்தியையும் அவர் செய்தியாகவே மதிப்பதில்லை.

ரெஜினா என்னைப் பற்றி வீட்டில் சொன்ன கிழமையே மரியதாஸ் அங்கிள் என்னைக் கூப்பிட்டார். கார்ட்டியர்விலில் இரண்டாம் மாடி வீடு. ரெஜினாவின் தாய் திரேசா அன்ரி தேத்தண்ணி வைத்துவிட்டு அடுப்படிக் கதவருகே நின்றுகொண்டார்.

"பிள்ளை உம்மைப் பற்றிச் சொன்னவள்," என்றார் அங்கிள். "ரொறொன்ரோவில இருந்தும் ஒரு இடம் வந்திருக்கு. பெடியன் எக்கவுண்டன்ட். வீடு இருக்கு, கார் இருக்கு. தம்பிக்கு என்ன இருக்கு?"

"எனக்கு பிரெஞ்சு இருக்கு அங்கிள்."

"எவ்வளவு?"

"தண்ணி பட்ட பாடு." (கோப்பை கழுவுகிறவன் சொன்னதில் தண்ணீர் மட்டும் உண்மை.)

அவர் யோசித்தார். "அது நல்ல விஷயம்தான். இந்த ஊரில நானும் ஊமை. மருமகனும் ஊமையெண்டா வீட்டில மைக் இருந்து என்ன பிரயோசனம்? வாற செவ்வாய்க்கிழமை எனக்கு நெஞ்சு டொக்டர். பிள்ளைக்கு லீவு இல்லையாம். நீர் வாரும், பாப்பம்."

இதைத்தான் நான் என் வாழ்க்கையின் இறுதிப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் சட்டைப்பை அகராதியோடு நித்திரை கொண்டேன். நெஞ்சு, இரத்தம், மூச்சு, மாத்திரை என்று நூறு சொற்கள் பாடமாக்கினேன். செவ்வாய்க்கிழமை அந்த நூறில் ஒன்றுகூட உதவவில்லை.

டொக்டர் தாடி வைத்த இளம் கியூபெக்காரர். என்ன செய்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. அங்கிள் பக்கம் திரும்பினேன்.

"சொல்லும் தம்பி. மைக்கைப் பிடிச்சு எக்கோவைக் கூட்டிக் கதைக்கத் தொடங்கினா நெஞ்சு படபட எண்டு அடிக்குது. திக்திக் எண்டு இல்லை. படபட. அதை வடிவாச் சொல்லிப் போடும்."

நான் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். படபட என்பது இரட்டைக்கிளவி. ஒரே ஒலி இரண்டுதரம் வந்தால்தான் அதற்கு உயிர். பிரித்து ஒற்றையாகப் 'பட' என்று சொன்னால் ஒன்றுமில்லை. திக்திக் என்பது பயம். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனுக்கு வருவது. விண்விண் என்பது வலி; சூத்தைப் பல்லுக்கு வருவது. படபட என்றால் பயமும் இல்லை, வலியும் இல்லை, நெஞ்சு தன்பாட்டில் அவசரப்படுவது. தமிழ் தெரிந்த வைத்தியருக்கு இந்த ஒரு சொல் போதும், மருந்தே எழுதிவிடுவார். எனக்கோ பிரெஞ்சில் 'இதயம்' தெரியும், 'செய்கிறது' தெரியும். நடுவில் படபடவை அப்படியே தூக்கி வைத்தேன். சத்தம் எல்லா மொழிக்கும் பொதுதானே என்பது என் கட்சி.

"இவருடைய இதயம் பட்டபட்டா செய்கிறது," என்று பிரெஞ்சில் சொன்னேன்.

டொக்டரின் முகம் மலர்ந்தது. "ஆ, பட்டாட்," என்று சிரித்தார். தன் நெஞ்சையும் தட்டிக் காட்டினார்.

பட்டாட் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். உணவகத்தின் பின்கட்டில் தினமும் நான் ஏறி மிதிக்கும் சாக்குகளில் எழுதியிருக்கும். உருளைக்கிழங்கு.

"என்னவாம்?" என்றார் அங்கிள்.

"உருளைக்கிழங்கு சாப்பிடுறனீங்களோ எண்டு கேக்கிறார்."

"இடைக்கிடை."

"இடைக்கிடை," என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நெஞ்சு இடைக்கிடை படபடக்கிறது என்று எழுதியிருப்பார். அதுவும் சரிதான்.

எந்த நேரத்தில் இப்படி வருகிறது என்று அடுத்துக் கேட்டார். "எக்கோவோடு பேசும்போது" என்றேன். எக்கோ பிரெஞ்சிலும் எக்கோதான். இரண்டு மொழிக்கும் பொதுவான ஒரு சொல் அகப்பட்ட சந்தோஷத்தில் அதை இரண்டுதரம் சொன்னேன்.

"எக்கோவா?" டொக்டர் நிமிர்ந்தார். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். இவருக்கு ஒரு எக்கோ செய்யவேண்டும்."

நான் அங்கிளிடம் திரும்பினேன். "எக்கோ."

"எனக்கோ?"

"ஓம், எக்கோ."

"எனக்கோ எண்டு கேக்கிறன் தம்பி."

"ஓம் அங்கிள், உங்களுக்குத்தான். எக்கோ."

"எனக்கோ எக்கோ?"

டொக்டரும் உற்சாகமாகி, "உய், உய், எக்கோ," என்று ஆமோதித்தார். அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் ஒரே சொல்லை மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். வெளியே இருந்து கேட்டவர்கள் அங்கிளின் அம்ப்ளிஃபயர் பெட்டி வேலை செய்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

அதன் பொருளை நான் விளக்கினேன். எக்கோ போட்டால்தான் நெஞ்சு படபடக்கிறது என்று நாம் சொன்னோம். ஆகவே எக்கோ போட்டு, அவர் பேசும்போதே நெஞ்சைப் பார்க்கப்போகிறார்கள். வேறு என்ன பொருள் இருக்க முடியும்?

அங்கிள் டொக்டரை மரியாதையோடு பார்த்தார். "கெட்டிக்காரன். ஊரில ஒரு டொக்டருக்கும் இந்த யோசினை வரேல்லை." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இவங்களிட்ட இருக்கிற பெட்டியை நான் நம்பமாட்டன். எங்கடையைக் கொண்டுவருவம்," என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

வாசல்வரை வந்த டொக்டர் அங்கிளின் தோளில் தட்டி, "லாஷே பா லா பட்டாட், மொஸ்யூ," என்றார்.

"உருளைக்கிழங்கை விட்டுடாதேங்கோ எண்டு சொல்லுறார்." (சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. இதை நான் எந்தச் சபையிலும் வாதாடுவேன்.)

அன்றிரவே ரெஜினா ரெலிபோன் எடுத்தாள். "டொக்டர் என்ன சொன்னவர்?"

"எக்கோ செய்யவேணுமாம். இன்னும் ரெண்டு கிழமையில."

"ஓ, எக்கோவோ. அது நல்லது, பயப்பட ஒண்டுமில்லை. நான் லீவு கேக்கட்டோ?"

"வேண்டாம் ரெஜினா. நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

எக்கோ என்றதுமே இவளுக்கு விளங்கிவிட்டதே என்று எனக்கு நிம்மதி. அவளுக்கும் நிம்மதி. இரண்டு பேரும் வெவ்வேறு எக்கோவைப் பற்றிப் பேசினோம் என்பது இருவருக்கும் தெரியாது.

அந்த இரண்டு கிழமையும் திரேசா அன்ரி வைத்தியர் சொல் தட்டவில்லை. காலையில் அவித்த உருளைக்கிழங்கு, மத்தியானம் பால்கறி, பொழுதுபட்டால் பிரட்டல். அங்கிளுக்கு உருளைக்கிழங்கு அவ்வளவு பிடிக்காது. ஆனாலும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, நெஞ்சுக்கு உருளைக்கிழங்கு நல்லதாம் என்று இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு போனார்கள். என் மொழிபெயர்ப்பு தேவாலயப் பங்கு முழுவதும் பரவத் தொடங்கியிருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குறித்த நாளில் முழங்கால் அளவு பனி. என்னிடம் கார் இல்லை. அம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர், மைக், வயர்ச் சுருள். கீழ்வீட்டுப் பிள்ளைகளின் சிவப்புப் பிளாஸ்டிக் சறுக்குவண்டியை இரவல் வாங்கி, எல்லாவற்றையும் அதில் கட்டி, கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு இழுத்தேன். அங்கிள் பின்னால் நடந்து வந்து, "மெதுவா, மெதுவா, குமிழ் உடையும்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மெற்றோவில் ஏற்றி, இறக்கி, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது எனக்கே நெஞ்சு படபட என்று அடித்தது. திக்திக் இல்லை.

மூன்றாம் மாடியில் ஒரு கதவின் மேல் பெரிய எழுத்தில் எக்கோகிராஃபி என்று எழுதியிருந்தது.

"பாத்தீங்களோ அங்கிள். எக்கோ."

அவர் அண்ணாந்து பார்த்தார். "அதுக்கெண்டு தனி அறையே வச்சிருக்கிறாங்கள். சவுண்டின்ர அருமை தெரிஞ்ச சனம்."

வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் எங்களை உள்ளே விட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு ஆயத்தமாக இருக்கும்படி சைகை காட்டிவிட்டுப் போனார்.

"சட்டையைக் கழட்டிப்போட்டோ அறிவிக்கிறது?"

"நெஞ்சைப் பாக்கவேணுமெல்லோ அங்கிள்."

அது நியாயமாகப் பட்டது. அவர் கழற்றினார். நான் சுவரில் ஒரு பிளக் கண்டுபிடித்து பெட்டியைக் குத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கிள் குமிழைப் பாதிக்குத் திருப்பினார். பிறகு கொஞ்சம் யோசித்து, வருத்தம் வடிவாகத் தெரியட்டும் என்று முழுவதும் திருப்பினார்.

"ஹலோ… லோ… லோ…"

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மைக்கைக் கையில் எடுத்துவிட்டு ஒன்றும் அறிவிக்காமல் வைப்பது அவருடைய தொழிலுக்கு அழகில்லை. மேல்சட்டை இல்லாமல், மார்பை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

"அன்பார்ந்த இறைமக்களே… மக்களே… க்களே… களே…"

இருதயநோயாளர் பகுதி அது. இதயம் பலவீனமானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடம். ஒரு தட்டு விழுந்த சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு காவலாளி நின்றார்.

இங்கே என்ன நடக்கிறது என்று காவலாளி என்னைக் கேட்டார். நான் பாடமாக்கிய நூறு சொற்களும் போன இடம் தெரியவில்லை. கதவின் பெயர்ப்பலகையைக் காட்டினேன். பெட்டியைக் காட்டினேன். "எக்கோ," என்றேன்.

அதற்குள் வெள்ளை உடுப்புப் பெண் வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார். மைக்கோடு நின்ற அங்கிளைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தன் இயந்திரத்தைப் பார்த்தார். அதில் ஒரு திரையும் கையில் பிடிக்கும் ஒரு சின்னக் கருவியும் இருந்தன. (அந்தக் கருவியும் மைக் மாதிரித்தான் இருந்தது. இதை என் தரப்பு நியாயமாகக் குறிப்பிடுகிறேன்.) "எக்கோ இதுதான்," என்று அதைத் தொட்டுக் காட்டினார். அப்படியே முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். காவலாளி விளங்காமல் நின்றார். அந்தப் பெண் விளக்கிச் சொன்னதும் அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. மூன்றாம் நிலையும் நான்காம் நிலையும் ஒரே நிமிடத்தில் தேறிய மாதிரி விளங்கியது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். ஆனால் மொழிபெயர்ப்பாளனுக்கு அந்த வசதி இல்லை. அங்கிள் மைக்கைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கிள், எக்கோ அவையளிட்டையே இருக்காம்."

"அப்ப எங்கடை?"

"தேவையில்லையாம்… ஒரு வகையான ஸ்கான் அங்கிள்."

அவர் மைக்கை அணைத்தார். வயரைச் சுற்றினார். போய்க் கட்டிலில் படுத்தார்.

அந்தப் பெண் அவர் நெஞ்சில் பசை தடவிக் கருவியை வைத்தார். திரையில் இதயம் தெரிந்தது. பிறகு எதையோ அழுத்த, அறைக்குள் சத்தம் கேட்டது. சளக் சளக், சளக் சளக். யாரோ தண்ணீரில் துணி அலசுவது போல இருந்தது.

"இது என்ர நெஞ்சோ?"

"ஓம் அங்கிள்."

அவர் அசையாமல் கேட்டார். முப்பது வருடமாக ஊராரின் செய்தியைப் பெருக்கிச் சொன்ன மனிதர், தன்னுடையதை முதல்முறையாகக் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு என் வெட்கம் மறந்துபோய்ப் பயம் வந்தது. இந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாது என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"சவுண்டில பேஸ் கூடிப்போச்சு," என்றார் அவர்.

அவர் என்ன சொன்னார் என்று பெண் கேட்டார். நல்லது என்கிறார் என்று சொன்னேன்.

பிறகு தாடி டொக்டர் வந்து முடிவைச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. ரெஜினாவின் வேலைக்கு ரெலிபோன் எடுத்து, ரிசீவரை டொக்டரிடம் கொடுத்தேன். அதைக் கொடுத்தபோதே என் கலியாணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். டொக்டர் நிறையக் கதைத்தார். நடுவில் சிரித்தார். ரிசீவர் என்னிடம் திரும்பி வந்தது.

"வால்வு ஒண்டு கசியுதாம். குளிசை போட்டா சரியாம். பயமில்லை," என்றாள். பிறகு கேட்டாள்: "பெட்டி கொண்டுபோனீங்களோ?"

"ஓம்."

"மெற்றோவிலயோ?"

"ஓம்."

"உருளைக்கிழங்கும் உங்கட வேலையோ?"

"ஓம்."

"இங்கத்தைய சனம் நெஞ்சைத்தான் பகிடிக்கு பட்டாட் எண்டு சொல்லுறது. லாஷே பா லா பட்டாட் எண்டா மனசைத் தளரவிடாதேங்கோ எண்டு அர்த்தம்."

ரிசீவரை வைத்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது மெற்றோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பெட்டி என் மடியில். சறுக்குவண்டி அவர் மடியில்.

"தம்பி."

"ஓம் அங்கிள்."

"உமக்கு பிரெஞ்சு தெரியாது."

"ஓம் அங்கிள்."

இரண்டு நிலையங்கள் போயின.

"ரொறொன்ரோப் பெடியனிட்டயும் எனக்கு நெஞ்சு வருத்தம் எண்டு சொன்னனான். நல்ல டொக்டரா பாருங்கோ எண்டுபோட்டு போனை வச்சிட்டான். நீர் பனிக்குள்ள பெட்டி இழுத்தனீர்."

"அது பிழையான பெட்டி அங்கிள்."

"பெட்டி பிழைதான். இழுத்தது பிழையில்லை." பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இனி அங்கிள் எண்டு சொல்லாதையும். மாமா எண்டு சொல்லும்," என்றார்.

மாமா என்றேன். அதிலும் ஒரே ஒலிதான் இரண்டுதரம் வருகிறது. பிரித்தால் வெறும் மா.

எங்கள் கலியாண மண்டபத்தில் மாமாவே அறிவித்தார். "மாப்பிள்ளை… பிள்ளை… ளை…" என்று நான் மூன்றுதரம் வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் எந்தக் கடிதத்தை மொழிபெயர்த்தாலும், வீட்டில் யாராவது ஒருவர் கடைசிச் சொல்லைத் தேய்த்துத் தேய்த்து மூன்றுதரம் சொல்லாமல் விடுவதில்லை. யாருக்காவது காய்ச்சல் வந்தால் உருளைக்கிழங்கு அவிக்கட்டோ என்று ரெஜினா கேட்பாள்.

குளிசையும் பத்தியமுமாக மாமா அதன்பின் நெடுங்காலம் இருந்தார். போய் மூன்று வருடமாகிறது. பெட்டி நிலக்கீழ் அறையில் ஒரு போர்வைக்குள் இருக்கிறது.

போன மாதம் எனக்கு நெஞ்சு படபடத்தது. டொக்டர் எக்கோ எழுதித் தந்தார். அன்று சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னேன். "எனக்கோ எண்டு கேட்டீங்களோ?" என்றாள் ரெஜினா. சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அந்த நேரத்தில் மாமா இல்லாதது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. அவர் இருந்திருந்தால் பேஸைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

மகள் அனா சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போகிறாள். வீட்டில் எங்களோடு தமிழில் பத்துச் சொல் சேர்ந்தாற்போல் பேசமாட்டாள், எல்லாம் பிரெஞ்சு. அவள் எழுந்து கீழே போனாள். படியில் தடதட என்று ஏதோ இடிபடும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க மேலே வந்து, அம்ப்ளிஃபயரை வாசலில், என் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எத்தனை மணிக்குப் போறம் அப்பா?" என்று கேட்டாள். "பெட்டியை நான் தூக்குறன்."